அஸ்திவாரம் அசைந்தபோது – தர்க்க மேதை கோட்லோப் ஃப்ரேகே

நம் இதழில் கணித மேதைகளைப் பற்றியும் விஞ்ஞானிகளைப் பற்றியும் அவ்வப்போது கட்டுரைகள் வந்திருக்கின்றன. தத்துவம் என்று வரும்போது நம் ஆசார்யர்களோடு நின்றுவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இம்முறை ஒரு மாறுதலாக, மேலைநாட்டுத் தத்துவத்தின் ஒரு பெரும் கிளைக்கு வித்திட்ட ஜெர்மானியர் ஒருவரின் வாழ்க்கையை உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தக் கிளைக்குப் பகுப்பாய்வுத் தத்துவம் என்று பெயர். உலகம், ஆத்மா, பரம்பொருள் போன்ற பெரிய விஷயங்களுக்குப் போகுமுன், நாம் பேசும் வாக்கியத்தின் பொருள் என்ன, ஒரு வாக்கியத்திலிருந்து இன்னொன்று எப்படிப் பெறப்படுகிறது என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது அதன் வழி. இத்துறையில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், விட்கன்ஸ்டைன் ஆகியோரின் பெயர்கள் பலருக்கும் பரிச்சயமானவை. அவ்விருவருக்கும் முன்னோடியாக இருந்தவர் கோட்லோப் ஃப்ரேகே. உயிரோடு இருந்தவரை அவரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

அடியேன் தத்துவம் படித்தவன் அல்லன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, மத்திய அரசுப் பணியில் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன். இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு என் உத்தியோக காலத்துச் சம்பவம் ஒன்றும் காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பள்ளிக்கூடக் குடும்பம்

ஃப்ரேகே 1848ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி விஸ்மார் என்ற ஊரில் பிறந்தார். பால்டிக் கடற்கரையில் உள்ள துறைமுக ஊர் அது. ஜெர்மனி அப்போது ஒரே நாடாக இல்லை. பல சிறிய பெரிய அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. தந்தை அவ்வூரில் பெண்கள் பள்ளி ஒன்றை நிறுவி அதன் தலைமையாசிரியராக இருந்தார். சிறுவர்களுக்கு ஜெர்மன் மொழி கற்பிக்க ஒரு பாடநூலும் எழுதினார். மொழியின் அமைப்பைப் பற்றி யோசிக்கும் பழக்கம் பிள்ளைக்கு வீட்டிலேயே வந்திருக்கலாம்.

1866ல் தந்தை காலமானார். பள்ளியின் பொறுப்பைத் தாயார் ஏற்று நடத்தினார். மகனின் படிப்பு தடைப்படாமல் பார்த்துக்கொண்டவரும் அவரே.

1869ல் ஃப்ரேகே யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் எர்ன்ஸ்ட் அபே. நம்மில் அறிவியல் படித்தவர்கள் ஸைஸ் நுண்ணோக்கிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். அந்த நுண்ணோக்கிகளுக்கு ஒளியியல் அடிப்படையை வகுத்துக் கொடுத்தவர் இந்த அபேதான். அவர் ஃப்ரேகேயின் திறமையைக் கண்டுகொண்டு, கடைசிவரை ஆதரவாக இருந்தார். யேனாவிலிருந்து கோட்டிங்கன் சென்ற ஃப்ரேகே 1873ல் வடிவகணிதம் சார்ந்த ஆய்வுக்காக டாக்டர் பட்டம் பெற்றார். 1874ல் யேனாவுக்கே விரிவுரையாளராகத் திரும்பினார்.

உத்தியோகம் கிடைத்தது என்று சொன்னேனே தவிர, சம்பளம் கிடையாது. அக்கால ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் தொடக்க நிலை விரிவுரையாளருக்கு மாணவர்கள் கட்டும் கட்டணம் மட்டுமே வருமானம். முதல் சில ஆண்டுகள் தாயாரின் உதவியில்தான் ஜீவனம் நடந்தது.

ஒரு சாவியா, பல சாவியா?

1879ல் ஃப்ரேகேயின் முதல் நூல் வெளிவந்தது. ஏறத்தாழ நூறு பக்கமே உள்ள அந்தச் சிறு நூலின் தலைப்பைத் தமிழில் கருத்தெழுத்து என்று சொல்லலாம். கணிதத்துக்கு எழுத்தும் குறியும் இருப்பதுபோல் சிந்தனைக்கே ஒரு குறியீட்டு மொழி அமைக்க முடியுமா என்பது அதன் கேள்வி.

அதன் அவசியத்தை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். வீட்டில் பத்துப் பூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பூட்டையும் திறக்க ஏதோ ஒரு சாவி இருக்கிறது என்பது ஒரு செய்தி. எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் ஒரே சாவி இருக்கிறது என்பது வேறு செய்தி. இரண்டாவது உண்மையானால் முதலாவதும் உண்மை. முதலாவது உண்மை என்பதனால் இரண்டாவது உண்மையாகிவிடாது. குழந்தைக்கும் புரியும் இந்த வேறுபாட்டை, அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவில் பயிலப்பட்ட தர்க்கத்தில் முறையாக எழுதிக்காட்ட வழியில்லை. 'ஒவ்வொரு', 'ஏதோ ஒரு' என்ற இரு சொற்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வரும்போது என்ன நடக்கிறது என்பதைத் திட்டவட்டமாக எழுதும் முறையை அமைத்தவர் ஃப்ரேகே. நவீன தர்க்கம் அந்த 1879லிருந்துதான் தொடங்குகிறது என்று இன்று பாடநூல்கள் சொல்கின்றன.

அன்று அப்படி யாரும் சொல்லவில்லை. அவருடைய குறியீடுகள் இடமிருந்து வலமாக ஒரே வரியில் போகாமல், கிளைவிட்ட கோடுகளாகப் பக்கம் முழுவதும் பரவின. அச்சுக்கோப்பவருக்கும் சிரமம், படிப்பவருக்கும் சிரமம். பள்ளியில் நாம் படித்த வென் படங்களுக்குப் பெயர் தந்த ஜான் வென், இம்முறை வசதியற்றது என்று 1880ல் மதிப்புரை எழுதினார். ஜெர்மனியில் ஷ்ரோடர் என்ற கணிதப் பேராசிரியரும் இதில் புதுமை இல்லை என்ற ரீதியில் எழுதினார். தம் முறையின் மேன்மையை விளக்கி ஃப்ரேகே எழுதி அனுப்பிய பதில் கட்டுரையை ஆய்வு ஏடுகள் திருப்பி அனுப்பிவிட்டன.

எண் என்றால் என்ன?

அவர் மனம் தளரவில்லை. அடுத்த நூலில் குறியீடுகளை ஒதுக்கிவைத்து, எளிய உரைநடையில் எழுதினார். 1884ல் வெளிவந்த அந்நூலின் பெயர் எண்கணிதத்தின் அடிப்படைகள். எண் என்றால் என்ன என்ற ஒரே கேள்விதான் அதன் விஷயம்.

ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்வோம். அது ஒன்றா, ஐம்பத்திரண்டா? கட்டு என்று பார்த்தால் ஒன்று. சீட்டு என்று பார்த்தால் ஐம்பத்திரண்டு. பொருள் அதேதான். ஆகவே எண் என்பது நிறத்தைப்போலவோ எடையைப்போலவோ பொருளில் ஒட்டியிருக்கும் குணம் அல்ல. நாம் எந்தக் கருத்தின்கீழ் எண்ணுகிறோமோ அந்தக் கருத்தைப் பற்றிய செய்தி என்றார் ஃப்ரேகே. வெள்ளி கிரகத்துக்கு உபகிரகம் பூஜ்யம் என்று சொல்லும்போது, இல்லாத சந்திரனுக்குக் குணம் ஏதும் கற்பிக்கவில்லை. வெள்ளியின் சந்திரன் என்ற கருத்தின்கீழ் எதுவும் வரவில்லை என்றுதான் சொல்கிறோம்.

இரு எண்கள் சமம் என்பதை எண்ணாமலே அறிய முடியும் என்றும் காட்டினார். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலைகளையும் எண்ண வேண்டாம், உட்கார்ந்தவர்களையும் எண்ண வேண்டாம். ஆளுக்கு ஓர் இலை, இலைக்கு ஓர் ஆள் என்று மிச்சமின்றி அமைந்துவிட்டால் இரண்டும் சமம். இந்த ஒன்றுக்கொன்று பொருத்தத்திலிருந்து தொடங்கி, எண்கணிதம் முழுவதையும் தர்க்கத்தின் விதிகளிலிருந்தே பெறலாம் என்பது அவர் சித்தாந்தம்.

நம் நாட்டுச் சம்பந்தம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நவ்ய நியாய சாஸ்திரத்தில் எண்ணைப் பற்றி நடந்த விசாரம் ஃப்ரேகேயின் கருத்தோடு ஒப்பிடத்தக்கது என்று அமெரிக்க சமஸ்கிருத அறிஞர் டானியல் இங்கால்ஸ் 1951ல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். ஒருவரை ஒருவர் அறியாமலே இரு மரபுகள் ஒரே கேள்வியைத் தொட்டிருக்கின்றன.

விடிவெள்ளியும் மாலை வெள்ளியும்

1892ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் தத்துவ மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. விடியற்காலையில் கிழக்கே தெரிவதை விடிவெள்ளி என்கிறோம். அந்தி வேளையில் மேற்கே தெரிவதை மாலை வெள்ளி என்கிறோம். இரண்டும் ஒரே கிரகம். ஒரே பொருளைத்தான் இரு பெயர்களும் சுட்டுகின்றன என்றால், விடிவெள்ளியே மாலை வெள்ளி என்று சொல்வதும், விடிவெள்ளியே விடிவெள்ளி என்று சொல்வதும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் செய்தியே இல்லை. முதலாவது, வானத்தைக் கவனித்து மனிதன் கண்டறிந்த உண்மை.

ஆகவே ஒரு பெயருக்கு இரண்டு அம்சங்கள் உண்டு என்றார் ஃப்ரேகே. அது சுட்டும் பொருள் ஒன்று. அப்பொருளை அது நமக்குக் காட்டும் விதம் மற்றொன்று. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தப் பாகுபாடு, இருபதாம் நூற்றாண்டின் மொழித் தத்துவம் முழுவதற்கும் தொடக்கப்புள்ளியாக அமைந்தது.

ஒரு கடிதம்

1893ல் அவருடைய பெரும் படைப்பான எண்கணிதத்தின் அடிப்படை விதிகள் என்ற நூலின் முதல் பாகம் வந்தது. எண்கணிதத்தைத் தர்க்கத்திலிருந்து ஒரு படிகூட விடாமல் நிரூபித்துக் காட்டும் முயற்சி அது. அதையும் படித்தவர்கள் சிலரே. 1896ல் கௌரவப் பேராசிரியர் என்ற அந்தஸ்து கிடைத்தது. அதற்கான ஊதியம் அபே உருவாக்கிய ஸைஸ் அறக்கட்டளையிலிருந்து வந்தது. முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. இரண்டாம் பாகத்தை அவர் தம் சொந்தச் செலவிலேயே அச்சிட வேண்டியதாயிற்று.

அந்த இரண்டாம் பாகம் அச்சில் இருந்த சமயம். 1902ஆம் ஆண்டு ஜூன் 16 தேதியிட்ட கடிதம் ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. எழுதியவர் முப்பது வயது பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். ஃப்ரேகேயின் நூலைப் படித்து வியந்ததாகவும், பெரும்பாலும் தமக்கு உடன்பாடே என்றும் ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார்.

அந்தச் சிக்கலை அரசு அலுவலக பாஷையில் சொல்கிறேன். அலுவலகத்தில் எத்தனையோ பதிவேடுகள் உண்டு. எந்தெந்தப் பதிவேடுகள் இருக்கின்றன என்று காட்ட, பதிவேடுகளின் பதிவேடு ஒன்றும் உண்டு. அதில் அதன் பெயரும் இருக்கலாம். தபால் பதிவேட்டில் அதன் பெயர் இராது. இப்போது ஓர் அதிகாரி, தன் பெயரைத் தனக்குள் குறிக்காத பதிவேடுகளை மட்டும், ஒன்றுவிடாமல், ஒரு புதிய பதிவேட்டில் எழுதச் சொல்கிறார். அந்தப் புதிய பதிவேட்டின் பெயரை அதிலேயே எழுதலாமா? எழுதினால், அது தன்னைக் குறிக்கும் பதிவேடாகிவிடுகிறது, ஆகவே எழுதக்கூடாது. எழுதாவிட்டால், தன்னைக் குறிக்காத பதிவேடாகிறது. ஆகவே எழுதியே தீர வேண்டும். எப்படிச் செய்தாலும் தவறு.

அலுவலகத்தில் இப்படி ஓர் உத்தரவு வந்தால், நிறைவேற்ற இயலாது என்று குறிப்பெழுதித் திருப்பிவிடலாம். ஃப்ரேகேயின் நிலை வேறு. எந்த நிபந்தனையைச் சொன்னாலும் அதற்குரிய தொகுதி ஒன்று உண்டு என்பதற்கு இடம் கொடுக்கும் ஒரு விதி, அவர் கட்டடத்தின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று. ஐந்தாவது விதி என்று அதற்குப் பெயர். அதை வைத்துக்கொண்டால் மேற்சொன்ன முரண்பாடு உள்ளே வந்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் மேலே உள்ள நிரூபணங்கள் நிற்கவில்லை. சுமார் இருபத்தைந்து ஆண்டு உழைப்பு ஒரு கடிதத்தின் சில வரிகளில் ஆட்டம் கண்டுவிட்டது.

ஃப்ரேகேக்கு அப்போது வயது 53. ஜூன் 22ஆம் தேதி, ஆறே நாளில் பதில் எழுதினார். மறுக்கவில்லை, மழுப்பவில்லை. தாம் அதிர்ந்துபோனதை ஒளிக்காமல் சொன்னார். தம் அடிப்படையே அசைந்துவிட்டதை ஒப்புக்கொண்டார். இந்தக் கண்டுபிடிப்பு தமக்கு உவப்பாக இல்லாவிட்டாலும் தர்க்கத்தில் பெரும் முன்னேற்றத்துக்கு வழிவகுக்கக்கூடும் என்றும் எழுதினார். 1903ல் வெளிவந்த இரண்டாம் பாகத்தின் முடிவில் ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார். ரஸ்ஸலின் பெயரைச் சொல்லி, பிழை இன்னது என்று தாமே விளக்கி, ஒரு திருத்தத்தையும் முன்வைத்தார். அந்தத் திருத்தமும் நிலைக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அறுபது ஆண்டுகள் கழித்து, தொண்ணூறு வயதில், ரஸ்ஸல் இந்தச் சம்பவத்தை நினைவுகூர்ந்தார். தாம் அறிந்த நேர்மையான செயல்களில் ஃப்ரேகேயின் இச்செயலுக்கு ஈடாக எதுவும் இல்லை என்ற கருத்தை அவர் எழுதிவைத்திருக்கிறார்.

மூன்று மாணவர்கள்

அடுத்தடுத்து சோதனைகள் வந்தன. 1904ல் மனைவி மார்கரெட் காலமானார். பிறகு ஆல்ஃபிரட் என்ற சிறுவனைத் தத்தெடுத்து வளர்த்தார் ஃப்ரேகே. அந்தப் பிள்ளை பிற்காலத்தில் என்ஜினீயரானார்.

1911ல் என்ஜினீயரிங் மாணவரான ஆஸ்திரிய இளைஞர் ஒருவர் யேனாவுக்கு வந்து ஃப்ரேகேயைச் சந்தித்தார். அவருடைய கருத்துகளை ஃப்ரேகே தாட்சண்யமின்றி உடைத்தெறிந்தார். ஆனாலும் கேம்பிரிட்ஜ் சென்று ரஸ்ஸலிடம் படிக்கும்படி வழிகாட்டினார். அந்த இளைஞர்தான் லுட்விக் விட்கன்ஸ்டைன். தம் புகழ்பெற்ற முதல் நூலின் முன்னுரையில் ஃப்ரேகேக்குத் தாம் பட்ட கடனை அவர் பதிவு செய்திருக்கிறார்.

பின்னாளில் பெரும் தத்துவ அறிஞரான ருடால்ஃப் கார்னாப் யேனாவில் மாணவராக இருந்தபோது ஃப்ரேகேயின் வகுப்புகளுக்குச் சென்றார். 1913ல் ஒரு வகுப்பில் இருந்தவர்கள் மூவரே: கார்னாப், அவர் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஒருவர். ஆசிரியர் பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்தபடியே பேசுவாராம். பெரிய விஷயம் சிறிய அறையில் மூன்று பேருக்குச் சொல்லப்பட்டது. அது வீண்போகவில்லை.

மறைக்கக்கூடாத ஒரு பக்கம்

1918ல் ஓய்வு பெற்ற ஃப்ரேகே, பிறந்த ஊருக்கு அருகில் உள்ள பாட் க்ளைனன் என்ற இடத்தில் குடியேறினார். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி அப்போது கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1924ல் சில வாரங்கள் அவர் எழுதிய நாட்குறிப்பு 1994ல் ஜெர்மன் மொழியில் அச்சாயிற்று. அதில் ஜனநாயகத்தின்மீது வெறுப்பும், யூதர்களின்மீது துவேஷமும் வெளிப்படுகின்றன. யூதர்களுக்கு அரசியல் உரிமைகள் இருக்கக்கூடாது என்ற எண்ணமும் இருக்கிறது.

ஃப்ரேகேயின் தத்துவத்தை ஆங்கில உலகம் முழுவதும் அறியச் செய்தவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் மைக்கேல் டம்மெட். அவர் இனவெறிக்கு எதிராகப் பல ஆண்டுகள் தெருவில் இறங்கிப் பாடுபட்டவர். தாம் போற்றிய மனிதரின் நாட்குறிப்பைப் படித்து அதிர்ந்ததை, 1973ல் வெளியிட்ட தம் பெருநூலின் முன்னுரையிலேயே அவர் சொல்லிவிட்டார். எந்த வாக்கியத்துக்கும் நிரூபணம் கேட்ட ஒருவர், தம் அக்கம்பக்கத்து மனிதர்களைப் பற்றி நிரூபணம் ஏதும் கேட்காமலே முடிவு கட்டியிருக்கிறார். பிறப்பை வைத்து மனிதரை எடைபோடும் பிழை எந்த தேசத்துக்கும் எந்த சமூகத்துக்கும் தனி உரிமை அல்ல. நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1925ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி ஃப்ரேகே காலமானார். விஸ்மாரில் அடக்கம் செய்யப்பட்டார். உலகம் கவனிக்கவில்லை.

எஞ்சியது என்ன?

தம் கையெழுத்துப் பிரதிகளை அவர் மகனுக்கு விட்டுச்சென்றார். அவற்றை அலட்சியம் செய்யவேண்டாம், ஒருநாள் மதிப்புப் பெறும் என்ற பொருள்பட ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். மகன் அவற்றை ஆராய்ச்சிக்காக ம்யூன்ஸ்டர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1945 மார்ச்சில் நடந்த குண்டுவீச்சில் அசல் பிரதிகள் அழிந்தன. முன்கூட்டியே தட்டச்சு செய்துவைத்த நகல்களில் ஒரு பகுதி தப்பியது. 1969ல் அது நூலாக வந்தது.

அழிந்த சித்தாந்தத்திலும் ஒரு பகுதி பிழைத்தது. பந்தி உதாரணத்தில் சொன்ன ஒன்றுக்கொன்று பொருத்தம் என்ற கொள்கையை மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்தாவது விதியின் துணையில்லாமலே எண்கணிதத்தின் அடிப்படைகளைப் பெறலாம் என்று கிரிஸ்பின் ரைட் என்ற அறிஞர் 1983ல் எடுத்துக்காட்டினார். அதற்கான நிரூபணத்தின் சாராம்சம் ஃப்ரேகேயின் நூல்களிலேயே இருந்தது. நம் பேரன் பேத்திகள் கம்ப்யூட்டர் படிப்பில் கற்கும் தர்க்கமும் அந்த 1879ஆம் ஆண்டுச் சிறுநூலின் வழிவந்ததே.

இனி என் சம்பவம். பணியில் இருந்தபோது, மாவட்டங்களுக்கு நிதி ஒதுக்கீடு செய்வதற்கான பட்டியல் ஒன்றைப் பல வாரம் உழைத்துத் தயாரித்தேன். கோப்பு மேலே போய்விட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் உதவியாளர் ஒருவர் என் அறைக்கு வந்து, இரண்டாகப் பிரிக்கப்பட்ட ஒரு மாவட்டத்தின் ஜனத்தொகையை நான் இருமுறை கணக்கிட்டிருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பார்த்தவுடனே அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவரைக் கடிந்து அனுப்பினேன். மூன்று வாரம் அதை மேஜைக்குள் வைத்திருந்துவிட்டு, தட்டச்சுப் பிழை என்று ஒரு குறிப்பெழுதித் திருத்தினேன். அந்த இளைஞரின் பெயர் கோப்பில் எங்கும் இல்லை.

ஃப்ரேகேக்கு ஆறு நாள் போதுமானதாக இருந்தது. அவர் இழந்தது வாழ்நாள் உழைப்பு. நான் இழக்கவிருந்தது ஒரு மாலை நேரத்து கௌரவம். அந்த உதவியாளர் இப்போது எங்கிருக்கிறார் என்று தெரியாது. பெயர் நன்றாக நினைவிருக்கிறது. இந்த இதழ் பல ஊர்களுக்கும் போகிறது. ஒருவேளை அவர் கண்ணில் பட்டால், அன்று அவர் சொன்னதுதான் சரி என்பதை, காலம் கடந்தாவது, இங்கே ஒப்புக்கொள்கிறேன்.